பெரியம்மாவின் மருந்து

பெரியம்மா ஒரு குதிரை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பின்னால் அவள் வைக்கோல் தின்றாள், வாளியை உதைத்தாள் என்றெல்லாம் வரும்போது படிக்கிறவர்கள் என் மேல் சண்டைக்கு வருவார்கள். வயது இருபத்திரண்டு. சாம்பல் நிறம், தொங்கிப்போன கீழுதடு, உங்களையெல்லாம் எனக்குத் தெரியாதா என்கிற பார்வை. அந்தக் குதிரையேற்றப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் எல்லோரும் முதன்முதலில் ஏறி உட்கார்ந்தது அவள் முதுகில்தான். எவ்வளவு பயந்தாங்கொள்ளியாக இருந்தாலும் கீழே போடாமல் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து இறக்கிவிடுவாள். அந்தப் பொறுமைக்காக வைத்த பெயர் அது.

பெரியம்மாவுக்கு இழுப்பு. மனிதர்களுக்கு வருகிற அதே இழுப்புதான். வைக்கோல் தூசி மூக்கில் ஏறினால் போதும், மூக்குத் துவாரம் இரண்டும் விரியும், இருமல் வரும், உள்ளே போன காற்றை வயிற்றை எக்கி எக்கித்தான் வெளியே தள்ள வேண்டும். அதற்கு ஒரு பாகு மருந்து உண்டு. காலையும் மாலையும் தீனியில் நான்கு மூடி அளந்து ஊற்றிக் கொடுக்க வேண்டும். கொடுப்பவள் அக்கா.

லாயத்தின் பொறுப்பு முழுக்க அக்காவுடையது. பள்ளியும் குதிரைகளும் டாக்டரம்மாவுக்குச் சொந்தம். டாக்டரம்மா குதிரை வைத்தியர், ஊரெல்லாம் சுற்றுகிறவர், புதன்கிழமைதோறும்தான் சொந்த லாயத்தை எட்டிப் பார்ப்பார். மற்ற ஆறு நாளும் அக்கா வைத்ததுதான் சட்டம். மருந்தறைச் சாவி அவள் இடுப்பில் இருக்கும். பயிற்சித் திடலில் பிள்ளைகளோடு நிற்கிற ஒரு மணி நேரம் மட்டும், குலுங்கித் தொலைக்கிறதென்று கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போவாள். லாயத்தில் வேறு யார் இருக்கிறார்கள், பயப்பட? கூடப் பிறந்த தம்பி ஒருவன்தானே.

தம்பிக்கு முப்பத்தொரு வயது. வைக்கோல் கட்டுகளை இறக்குவதும் சாணம் அள்ளுவதும் அவன் வேலை. இரண்டு பேர் தூக்குகிற கட்டை ஒற்றை ஆளாகத் தோளில் போட்டுக்கொண்டு வருவான். பள்ளிப் பிள்ளைகள் பயில்வான் மாமா என்பார்கள். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் ஜிம்மில் கிடப்பான். ஆணழகன் போட்டியில் மூன்று வருடமாக நான்காவது இடம். மூன்றாவது வந்தால் மேடையில் கூப்பிட்டு மெடல் போடுவார்கள். நான்காவதுக்குக் கைதட்டல் மட்டும். வயிற்றில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருக்கும் கொழுப்பு உருகவில்லை, அதுதான் குறை என்று ஜிம் மாஸ்டர் சொல்லியிருந்தார். ஒரு சுண்டுவிரல் கனம். அந்தச் சுண்டுவிரல்தான் அவன் வாழ்க்கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருப்பதாக அவன் நம்பினான். இந்த வருடப் போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சிரிப்பதைக் குறைத்தான், உப்பைக் குறைத்தான், அக்காவோடு பேசுவதையும் குறைத்தான்.

அதே சமயத்தில்தான் பெரியம்மாவுக்கு இழுப்பு முற்றியது.

முதலில் அக்கா வைக்கோலைக் குறை சொன்னாள். நனைத்துப் போட்டாள். பிறகு தரையைக் குறை சொன்னாள். மரத்தூளை அள்ளி எறிந்துவிட்டு ரப்பர் பாய் விரித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நிமிடத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து மூச்சு விட வேண்டிய குதிரை முப்பத்துநான்கு விட்டது. எக்கி எக்கி விலாவின் கீழே ஒரு கோடு விழுந்துவிட்டது. கயிறு கட்டி இறுக்கியதுபோல இருந்தது அந்தக் கோடு. பிள்ளைகள் ஏறினால் பாதிச் சுற்றில் நின்றுவிடுவாள். நின்று, அக்காவைத் திரும்பிப் பார்ப்பாள்.

ஒரு புதன்கிழமை டாக்டரம்மா வெகுநேரம் பெரியம்மாவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார். போகிறது என்றாள் அக்கா. நான்கு மூடியும் போகிறதா? போகிறது. கணக்குப்படி மருந்து கொடுத்தால் இவ்வளவு மோசமாகாதே என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் உயர்த்தியிருந்தால்கூட அக்காவுக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும்.

"நீங்க மறந்துட்டா மறந்துட்டேன்னு சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டேன். பொய் மட்டும் வேண்டாம்."

அந்த லாயத்துக்கு வந்த பதினேழு வருடத்தில் எந்தக் குதிரைக்கும் ஒரு வேளை மருந்து தவறியதில்லை. குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்தக் கதையாகிவிட்டது அவள் நிலைமை. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். தம்பி பக்கத்தில்தான் நின்றிருந்தான். கடிவாளத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் பெரியம்மாவின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தக் குதிரையின் மேல் உயிர். டாக்டரம்மா போன பிறகு அக்காவுக்குத் தேநீர் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது. பட்டினி கிடந்து கிடந்து கை நடுங்குகிறது பாவம் என்று அவள் அவனுக்காகவும் சேர்த்து வருத்தப்பட்டாள்.

அடுத்த புதன்கிழமை டாக்டரம்மா வேறு மருந்து கொண்டுவந்தார். அதே சரக்கு, ஆனால் கெட்டியானது. பழையதில் நான்கு மூடி கொடுத்த இடத்தில் இதில் ஒரு மூடி போதும். பழையதைக் கொட்டிவிடுங்கள், மருந்து விஷயம் உங்களோடு இருக்கட்டும், வேறு யாரும் தொட வேண்டாம், பேசவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அக்கா செய்த தப்பைச் சொல்ல வேண்டும். அவள் என் கதாநாயகி என்பதற்காக மறைக்க முடியாது. பழைய பாட்டிலில் அளவு மூடி ஒன்று நூலில் கட்டித் தொங்கும். அது புதுப் பாட்டிலின் வாய்க்குப் பொருந்தவில்லை. பதினேழு வருடக் கை, பழகின மூடி, பழகின பாட்டில். பழைய மருந்தைச் சாக்கடையில் ஊற்றினாள், பாட்டிலைக் கழுவினாள், புது மருந்தை அதற்குள் ஊற்றி அதே தட்டில் வைத்தாள். வெளியே ஒட்டியிருந்த பழைய சீட்டு அப்படியே இருந்தது. கொட்டும்போது அந்தப் பாகு தண்ணீர்போல ஓடுகிறதே என்று ஒரு கணம் பார்த்தாள். ஆனால் மனசு ஆறாமல் இருந்தது, கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. லாயத்துப் பலகையில் பெரியம்மாவின் பெயருக்கு நேரே நான்கை அழித்துவிட்டு ஒன்று என்று சாக்கட்டியால் எழுதினாள். அது போதும் என்று நினைத்தாள். குதிரைக்குப் போதும்தான்.

தம்பி அந்தப் புதனும் வியாழனும் விடுப்பு. ஞாயிற்றுக்கிழமை போட்டி. ஜிம்மில் கண்ணாடி முன்னால் நின்று உடம்பை முறுக்கிக் காட்டுகிற பயிற்சி.

வெள்ளிக்கிழமை காலை பெரியம்மாவின் மூச்சு இருபத்திரண்டு. அக்கா இரண்டு தரம் எண்ணினாள். இருபத்திரண்டேதான். போதாக்குறைக்குப் பெரியம்மா காலி வாளியை உதைத்து இன்னும் தீனி கேட்டாள். இரண்டு மாதமாக அந்தச் சத்தம் கேட்கவில்லை. அக்கா அவள் நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத் திடலுக்குப் போனாள்.

பாடம் முடிந்து பதினோரு மணிக்குத் திரும்பி வந்தபோது பாதை நடுவில் வைக்கோல் கட்டு ஒன்று பிரிந்து கிடந்தது. தம்பியைக் காணோம். கூப்பிட்டால் பதில் இல்லை. பெரியம்மாவின் கொட்டிலில் மூலையில் உட்கார்ந்திருந்தான். முதுகு சுவரில். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தொடைகள் தன் பாட்டுக்குத் துள்ளிக்கொண்டிருந்தன. ஓடி முடித்த குதிரைக்குத் தோல் துள்ளுமே, அந்த மாதிரி.

என்னடா என்றாள். தண்ணீர் குடிக்காமல் இருக்கிறேன் அக்கா, போட்டிக்கு முன்னால் அப்படித்தான், தலைசுற்றல், சரியாகிவிடும் என்று துண்டு துண்டாகச் சொன்னான். அவள் குனிந்தாள். பதினேழு வருடப் பழக்கம், கை நேரே மணிக்கட்டுக்குப் போகவில்லை. தாடை எலும்புக்கு அடியில் போனது. குதிரைக்கு அங்கேதான் நாடி பார்ப்பார்கள். இரண்டு விரலை வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எண்ண முடியவில்லை. அது துடிப்பாகவே இல்லை, ஓர் உதறல். நூற்றைம்பதைத் தாண்டியபோது எண்ணுவதை விட்டுவிட்டாள்.

அந்த நேரத்தில் பெரியம்மா கழுத்தை நீட்டினாள். தம்பியின் வலக்கையை மோந்தாள். பிறகு நாக்கை நீட்டி நக்க ஆரம்பித்தாள். உள்ளங்கை, விரல் இடுக்கு, சட்டையின் முன்பக்கம் என்று ஓர் இடம் விடாமல் நக்கினாள். தீனியில் பாகு ஊற்றியதும் வாளியின் அடியை நக்குவாளே, அதே ஆசையோடு.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மருந்தக் குடிச்சியா?"

தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"எவ்வளவு?"

"எப்பவும் குடிக்கிறதவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்க்கா."

எப்பவும். அந்த ஒரு சொல்லில் இரண்டு மாதமும் புரிந்துவிட்டது. பால் சட்டிக்குப் பூனையைக் காவல் வைத்துவிட்டு, பால் ஏன் குறைகிறது என்று பசுவைக் குற்றம் சொல்லியிருக்கிறாள். மீதியை அவனே சொன்னான். ஜிம்மில் பாதிப் பேர் இதைத்தான் எடுக்கிறார்கள், இழுப்புக்காரர்களுக்குக் கொடுக்கிற மருந்துதானே, விஷமா, கொழுப்பை உருக்கும், சதையைத் தொடாது என்று மாஸ்டர் சொன்னாராம். குதிரைப் பாகு கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றாராம். குடித்த அளவுக்குப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைத்தானாம். ஊற்ற ஊற்ற மருந்து நீர்த்துப்போனது, உடம்பு சூடேறுவது குறைந்தது, அதனால் அளவைக் கூட்டிக்கொண்டே போனானாம். தான் கலந்த தண்ணீரிலேயே தான் ஏமாந்தவனை இவனைத் தவிர யாரும் பார்த்திருக்க முடியாது. இன்று காலை பலகையைப் பார்த்தான். நான்கு ஒன்றாகியிருந்தது. டாக்டரம்மா மருந்தை நிறுத்தப் போகிறார், பாட்டிலை எடுத்துவிடுவார் என்று முடிவு கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து இன்றைக்கே குடித்துவிட்டான்.

"அது தண்ணி கலந்தது இல்லடா. அதவிட நாலு பங்கு கெட்டி. நான்தான் பழைய பாட்டில்ல ஊத்தி வச்சேன்."

அவனுக்குப் பயம் வந்தது அப்போதுதான். அப்போதும் எதற்குப் பயந்தான் என்று கேளுங்கள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, டாக்டரம்மாவிடம் சொல்லாதே என்றான். ஆஸ்பத்திரி வேண்டாம், படுத்தால் ஞாயிறு போய்விடும், இரண்டு பேருக்கும் வேலை போய்விடும், மோர் கொடு, எலுமிச்சை கொடு, இறங்கிவிடும் என்றான். பல் தந்தி அடித்தது. சொல்வதில் ஒன்று மட்டும் உண்மை. சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போகும். பாட்டில் விஷயம் வெளியே வரும். பதினேழு வருடப் பெயர் ஒரு நிமிடத்தில் காற்றில் போகும். அக்கா யோசித்தாள். யோசிக்கவே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஒரு மூச்சு நேரம் யோசித்தாள். அந்த ஒரு மூச்சுக்குள் அவன் நாடி எத்தனை தரம் அடித்ததென்று அவள் விரலுக்குத் தெரிந்தது. போனை எடுத்தாள்.

"டாக்டரம்மா, பெரியம்மா மருந்தத் தம்பி குடிச்சுட்டான். புது மருந்து. பழைய பாட்டில்ல ஊத்தி வச்சது நான். எம்மேலயும் தப்பு இருக்கு. இப்ப என்ன செய்யணும் சொல்லுங்க."

பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஒரு நிமிடம் நிற்காதீர்கள், நானும் வருகிறேன் என்றார்.

அங்கே இருந்த ஒரே வண்டி குதிரைகளை ஏற்றிப் போகிற வண்டி. ஓட்டத் தெரிந்தவள் அக்கா. பயில்வானைத் தோளில் சாய்த்து நடத்திக் கொண்டுபோய் முன் இருக்கையில் தள்ளினாள். வழியெல்லாம் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு வாயைப் பிளந்தான். ஆஸ்பத்திரி வாசலில் குதிரைப் படம் போட்ட வண்டியிலிருந்து மலை மாதிரி ஒரு ஆள் இறங்குவதைக் காவலாளி வாய் பிளந்து பார்த்தான்.

உள்ளே இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். பாட்டிலை வாங்கித் திருப்பிப் பார்த்து, இது யாருக்குக் கொடுத்த மருந்து என்றாள்.

"பெரியம்மாவுக்கு."

"அவங்களுக்கு என்ன வயசு?"

"இருபத்திரண்டு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. அது குதிரைம்மா, குதிரை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு நாள் அவனை ஒயர்களுக்கு நடுவில் போட்டு வைத்தார்கள். இரத்தத்தில் உப்புச் சத்து அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. இருதயம் தாளம் தப்பித் தப்பி அடித்தது. இந்த மருந்து உடம்பை விட்டு இறங்க நேரமாகும், அதுவரை தாங்க வேண்டும் என்றாள் டாக்டர். பிழைத்துவிடுவான் என்று சனிக்கிழமை மதியம்தான் சொன்னாள். இருதயச் சதையில் காயம் பட்டிருக்கிறது, அது எவ்வளவு ஆறும் என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னாள்.

அன்று மாலை தம்பிக்கு நினைவு தெளிவாக இருந்தது. அக்காவின் கையைத் தேடிப் பிடித்தான்.

"மூச்சு முட்டுதுக்கா. உள்ள போகுது, வெளிய வர மாட்டேங்குது."

இரண்டு நாளாக அவனைத் திட்டவே இல்லை அவள். செத்துப் பிழைத்தவனை என்ன திட்டுவது என்றிருந்தாள். ஆனால் அதைக் கேட்டதும் நெஞ்சில் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"குடிச்சத நான் மன்னிச்சுட்டேன்டா. டாக்டரம்மா என்னக் கேட்டப்ப நீ வாயத் திறக்காம நின்ன பாரு, அதயும் மன்னிச்சுடலாம். ரெண்டு மாசம் அது இப்படித்தானே மூச்சு விட்டுச்சு. உனக்குத் தெரியும், ஏன்னு உனக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே பக்கத்துல நின்னு கழுத்தத் தடவிக் கொடுத்தியே, எப்படிடா முடிஞ்சுது?"

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். முதுகு குலுங்கியது. அவள் கையை விடவில்லை, ஆனால் சமாதானமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போட்டி நடந்தது. யார் ஜெயித்தார்கள் என்று அவன் கேட்கவில்லை.

டாக்டரம்மா அக்காவிடமிருந்து மருந்தறைச் சாவியை வாங்கிக்கொண்டார். உங்களைச் சந்தேகப்பட்டது என் தப்பு, சாவியை ஆணியில் மாட்டியதும் பாட்டில் மாற்றியதும் உங்கள் தப்பு, இரண்டையும் நான் மறக்க மாட்டேன் என்றார். வேலையிலிருந்து நிறுத்தவில்லை. தம்பியை நிறுத்திவிட்டார். பெரியம்மாவின் விலாவில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். இரண்டு மாதம் மருந்தில்லாமல் எக்கியதில் உள்ளே கெட்டுவிட்டது, கெட்டது திரும்பாது. இனி இவள் முதுகில் பிள்ளைகள் வேண்டாம் என்றார். பலகையில் பெரியம்மாவின் வரிக்குப் பக்கத்தில் சாக்கட்டியால் எழுதினார்: பாரம் கூடாது. சேணத்தை அக்காதான் கழற்றி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்தபோது பெரியம்மா திடலுக்குப் போகும் கதவருகே தயாராக நின்றிருந்தாள். பிள்ளைகள் வருகிற நேரம் அது. அவளுக்கு யார் சொல்வது?

ஒன்றரை மாதம் கழித்துத் தம்பி லாய வாசலில் வந்து நின்றான். தோள் இறங்கியிருந்தது, சட்டை தொளதொளவென்று தொங்கியது. டாக்டரம்மா இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் வந்திருந்தான். சம்பளம் வேண்டாம், பெரியம்மாவுக்கு வைக்கோல் நனைத்துப் போடுகிறேன், அதற்கு மட்டும் விடுங்கள் என்றான். டாக்டரம்மா, மருந்தறைப் பக்கம் கால் வைத்தால் தொலைத்துவிடுவேன் என்றார். அவ்வளவுதான் அனுமதி.

கொட்டிலுக்குள் போகப் பயந்து வாசலிலேயே நின்றான். பெரியம்மா வந்தாள். அவன் சட்டைப் பையில் மூக்கை நுழைத்துக் கேரட் தேடினாள், எப்போதும்போல. அவன் அவள் கழுத்தைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று அழுதான்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் குழாயைப் பிடித்து வைக்கோலை நனைப்பான். பிறகு கடிகாரத்தைப் பார்த்து அவள் மூச்சை எண்ணுவான். மூன்று தரம் எண்ணிப் பலகையில் எழுதுவான். அவன் எழுதி முடித்ததும் அக்கா வந்து அவன் தாடைக்கு அடியில் இரண்டு விரலை வைத்து எண்ணுவாள். கூச்சமாக இருக்கிறது, கையில் பார்க்கக் கூடாதா என்பான். எனக்கு அங்கே வராது என்பாள். அந்த எண்ணையும் பலகையில், எல்லாக் குதிரைகளுக்கும் கீழே, கடைசி வரியில் எழுதி வைப்பாள். கொஞ்சம் தெம்பு வந்ததும் அவன் மெல்ல ஆரம்பித்தான். இன்னும் இரண்டு மாதத்தில் சின்ன எடையாகத் தூக்கிப் பார்க்கலாம் இல்லையா அக்கா, மருந்தில்லாமல், வெறும் கையால், அடுத்த வருடப் போட்டிக்கு என்றான். அவள் காலி வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னது இரண்டு பேருக்கும் தெரியும். வாயைத் திறந்து சொல்லத்தான் இரண்டு பேருக்கும் தைரியமில்லை.

அடுத்த புதன்கிழமை டாக்டரம்மா பலகையைப் படித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வரியாக இறங்கினார். பெரியம்மா, மூச்சு இருபது. நல்லது என்றார். கடைசி வரியில் நின்றார்.

"தொண்ணூற்றாறுன்னு போட்டிருக்கு. பேரில்லையே. இது எந்தக் குதிரை?"

தம்பி குழாயைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தான். தண்ணீர் அவன் காலில் கொட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான் டாக்டரம்மா," என்றான். "நாடி."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, இனிமேல் எடையே தூக்கக் கூடாது என்றார்கள் என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னான். அவர் சாக்கட்டியை எடுத்தார். கடைசி வரியில் விட்டிருந்த இடத்தில் தம்பி என்று பெயரை எழுதினார். எண்ணுக்குப் பக்கத்தில், பெரியம்மாவுக்கு எழுதிய அதே கையெழுத்தில், அதே இரண்டு வார்த்தைகளை எழுதினார்.

தம்பி அதை இரண்டு தரம் படித்தான். அழிக்கவில்லை. குழாயை மூடிவிட்டு, நனைந்த வைக்கோலை ஒவ்வொரு கைப்பிடியாக எடுத்துக்கொண்டு பெரியம்மாவின் கொட்டிலுக்குள் போனான்.